மஞ்சள் வட்டத்துக்கு இடப்பக்கம்

என் கண்ணைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசியிருந்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன். சும்மா சொல்லவில்லை. நான் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவள். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுமே, அந்தக் கிரேன். அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கேபினில்தான் என் உத்தியோகம். லாரியில் வருகிற காயில், அதாவது இரும்புத் தகட்டைப் பாய் மாதிரி சுருட்டிய உருளை, ஒவ்வொன்றும் நாலைந்து கார்களின் கனம் இருக்கும். அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, கிடங்கின் மறுகோடிக்குக் கொண்டுபோய், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் சத்தம் வராமல் உட்கார வைக்க வேண்டும். நான் வைப்பேன். அதனால் அங்கே எனக்கு 'லேசர் அக்கா' என்று பேர். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாய் அப்படி.

கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவர் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்பே அவர் கை காட்டினார், நான் இறக்கினேன். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டில் நான் சொல்வதை அவர் கேட்பார், கிடங்கில் அவர் கை சொல்வதை நான் கேட்பேன். இந்த ஏற்பாட்டில் இருபது வருஷம் ஓடிவிட்டது. காயில் கீழே இறங்கும்போது அவர் கையையும் காயிலையும் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன். நான் ஒரு சாண் தப்பினால் முதலில் அடிபடப்போவது அவர்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் இருந்ததால்தான் நான் தப்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட எனக்கு, சாப்பாட்டு மேசை அளவுக்கு இருந்த ஒரு பலகையில், கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்திலிருந்து, ஓர் அம்பைச் செருகத் தெரியவில்லை.

வில்லை என் தலையில் கட்டியவள் என் நாத்தனார். அவள் வில்வித்தை கோச். ஒரு பழைய அச்சகத்தின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், "அண்ணி, நீங்க வில் கத்துக்கணும். கோபத்தைக் குறைக்க இதைவிட நல்லது கிடையாது" என்றாள்.

"யாருக்குடி கோபம்?" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஆசை வந்துவிட்டது. குறி பார்க்கிற வேலைதானே, நமக்கு இது ஒரு விஷயமா என்று ஒரு மிதப்பு. இரவல் வில் எல்லாம் வேண்டாம் என்று சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டேன். புதிதாகக் கற்பவர்களுக்கான இலேசான வில், மூன்று துண்டாகக் கழற்றிப் பைக்குள் போடலாம். பிடி மரத்தில், நாண் மாட்டும் இரண்டு பக்கக் கைகளும் வெள்ளை நிறத்தில். எடுத்துப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

முதல் அம்பு பலகையையே தொடவில்லை. பின்னால் தொங்கிய வலையில் போய்ச் சிக்கி, செத்த எலி மாதிரி தொங்கியது. எனக்குப் பகீரென்றது. விட்டது நான்தானா என்று வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது அம்பு தரையில் உராய்ந்துகொண்டு போனது. மூன்றாவது என் முழங்கையின் உட்பக்கத்தை நாணால் அறைந்துவிட்டுப் போனது. அன்று ராத்திரி சாப்பிடும்போது கை வீங்கி நீலமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அம்பு பலகையில பட்டுச்சா, இல்ல என் தங்கச்சி மேல பட்டுச்சா?" என்று கேட்டார்.

"உங்க தங்கச்சி மேல பட்டிருந்தா நான் நல்லா விட்டேன்னு அர்த்தம். தட்டைப் பாத்து சாப்பிடுங்க."

நாத்தனார் என்னை விடவில்லை. முதலில் பலகைக்குப் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "தூரத்தைப் பத்தி இப்ப கவலைப்படாதீங்க அண்ணி. முதல்ல ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விடக் கத்துக்கணும். ஒரே மாதிரி நிக்கணும், ஒரே மாதிரி இழுக்கணும், ஒரே மாதிரி விடணும். மஞ்சள்ல விழுதா இல்லையான்னு பாக்காதீங்க. அம்பெல்லாம் ஒரே இடத்துல கூடுதான்னு பாருங்க."

நான் ஒரே மாதிரிதான் விடுகிறேன் என்று சண்டை போட்டேன். அவள் போனில் என்னை வீடியோ எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்து ஆடிப்போனேன். ஓர் அம்புக்கு நாண் என் தாடையைத் தொடுகிறது, அடுத்ததற்கு உதட்டோரத்தில் நிற்கிறது, அதற்கடுத்ததற்குக் காற்றில் எங்கேயோ நிற்கிறது. அம்பை விடுகிற நொடியில் கொசுவை விரட்டுகிற மாதிரி கையை உதறுகிறேன். இதில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. நான் செய்வதாக நினைத்தது ஒன்று, என் உடம்பு செய்தது வேறு ஒன்று. நம்ம உடம்பே நமக்குத் தெரியாமல் இப்படி ஏமாற்றுமா என்று அன்றைக்குத் திகைத்தேன். அது வெறும் கொசுறு என்று அப்போது தெரியாது.

பிறகு ரோஷம் வந்துவிட்டது. நாணை இழுத்துத் தாடை எலும்புக்குக் கீழே ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கப் பழகினேன். வில்லை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையின் மேட்டில் சும்மா தாங்கிக்கொள்ளக் கற்றேன். கண்ணாடி முன்னால் நின்று, வில் இல்லாமலே இழுத்து இழுத்துப் பார்த்தேன். அம்பை 'விடுவது' என்று ஒன்று கிடையாது, விரல்களைத் தளர்த்தினால் அதுவே போகும் என்று புரிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் புரிந்த அன்றைக்கு நான் விட்ட அம்புகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்படி போய் நின்றன.

மஞ்சளில் அல்ல. மஞ்சளுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி.

சரி, ஏதோ அன்றைய அதிர்ஷ்டக் கோளாறு என்று மறுபடி விட்டேன். மறுபடியும் அதே இடம். பின்னால் நகர்ந்து நின்று விட்டேன். இன்னும் அதிகமாக இடப்பக்கம். அடுத்த வாரமும் அப்படி, அதற்கடுத்த வாரமும் அப்படி. நான் வில்லைத் திட்டினேன், அம்பைத் திட்டினேன், விற்ற கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். அடித்தளத்தில் காற்றே கிடையாது, இருந்தாலும் காற்றையும் திட்டினேன்.

"கை சரி அண்ணி," என்றாள் நாத்தனார். "கை தப்பா இருந்தா அம்பு நாலா பக்கமும் சிதறும். உங்களுது எல்லாம் ஒரே இடத்துல குடும்பமா உக்காந்திருக்கு. வந்த கொஞ்ச நாள்ல இப்படிக் கூட்டா விடுறவங்களை நான் பாத்ததே இல்ல. இடம்தான் தப்பு."

"அப்ப வில்லுலதான் கோளாறு."

அவள் என் வில்லை வாங்கி, என் அம்பையே வைத்து, நின்ற இடத்திலிருந்து ஒன்று விட்டாள். மஞ்சளின் நடுவில் போய் நின்றது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "ஐயையோ அண்ணி! உங்களுக்குக் கண்ணு பாக்கவே இல்லையே நான்! யாரு வந்தாலும் முதல் நாளே பாத்துடுவேன். நீங்க வீட்டு ஆளு, அதுவும் லேசர் அக்கா வேறன்னு அப்படியே விட்டுட்டேன்."

"என் கண்ணுக்கு என்னடி?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கையைச் சேர்த்து, நடுவுல சின்ன ஓட்டை மட்டும் விடுங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிட்டு அந்த ஓட்டை வழியா என் மூக்கைப் பாருங்க."

"உன் மூக்கைப் பாக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"பாருங்க அண்ணி."

பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு அந்த ஓட்டைக்குள்ள தெரியுறது உங்க இடது கண்ணு. நீங்க வலது கைக்காரங்க, அம்பு வலது கண்ணுக்குக் கீழே இருக்கு, ஆனா குறி பாக்குற வேலையை இடது கண்ணு எடுத்துக்குது. அது பாக்குற கோணத்துக்கு அம்பு இடப்பக்கமாத்தானே போகும்? நிறையப் பேருக்கு இப்படி இருக்கும். பயப்படாதீங்க."

"அப்ப என்ன பண்ணணும்?"

"இடது கண்ணை மூடிட்டு விடுங்க. இன்னைக்கே மஞ்சள்ல போடுவீங்க, பாருங்க."

எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது, மூஞ்சி கோணிக்கொள்ளும். அவளே ஒரு கறுப்புத் துணிப் பட்டையை எடுத்து வந்து என் இடது கண்ணை மறைத்துக் கட்டிவிட்டாள். நான் கோட்டில் நின்றேன். அம்பை நாணில் பொருத்தினேன், இழுத்தேன், தாடைக்குக் கீழே கை வந்து நின்றது. மஞ்சளைத் தேடினேன்.

இல்லை.

"ஏய், பலகையை ஏன்டி எடுத்த?" என்று கத்தினேன். பக்கத்துக் கோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யாரும் எடுக்கல அண்ணி. அங்கேயேதான் இருக்கு."

"விளையாடாதே. நாணை இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கிறேன், கை நடுங்குது."

அவளுடைய சிரிப்புச் சத்தம் நின்றது. "அண்ணி, விடாதீங்க. மெதுவா நாணைத் திருப்பிக் கொண்டு போங்க. அப்படித்தான். அம்பைக் கீழே வைங்க."

வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். வலை தெரிந்தது, விளக்கு தெரிந்தது, பலகையின் மரக்கால்கள் தெரிந்தன. கால்களுக்கு மேலே பலகை இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியால் யாரோ தேய்த்து அழித்த மாதிரி ஒரு மங்கல். பக்கத்திலிருந்த தூணைப் பார்த்தேன். நேராக நிற்கிற தூண் நடுவில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது. நாத்தனார் பக்கம் திரும்பினேன். அவளுடைய முடி தெரிந்தது, காதுகள் தெரிந்தன, காதில் போட்டிருந்த கம்மல்கூடத் தெரிந்தது. முகம் இல்லை.

நான் அலறினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. பட்டையைக் கழற்றினேன், அவள் முகம் வந்துவிட்டது. மறுபடி கையால் பொத்தினேன், போய்விட்டது. எடுத்தேன், வந்தது. நம்ப முடியாமல் எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ தெரியாது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளா அண்ணி?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணும் திறந்திருந்தா எல்லாம் நல்லாத்தானே தெரியுது! இப்பவும் நல்லாத்தானே தெரியுது!"

அவள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ரொம்பத் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"கீழே அண்ணன்தானே நிப்பாரு?"

"வாயை மூடுடி," என்றேன். அவள் மூடிக்கொண்டாள். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

அன்று வீட்டில் எதையும் சொல்லவில்லை. தலைவலி என்று சீக்கிரம் படுத்துக்கொண்டேன். காலையில் சூப்பர்வைசருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னேன். என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்து, "சுடலையே" என்றார். உள்காய்ச்சல் என்றேன். அவர் வேலைக்குப் போனதும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, மோவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, படம் எடுத்துப் பார்த்தார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் திரை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. நாம பாக்குறதெல்லாம் அதுலதான் விழும். உங்க வலது கண்ணுல அந்தத் திரையோட நட்டநடுவுல ஓட்டை விழுந்திருக்கு."

"ஓட்டையா? யாரு போட்டா?"

"யாரும் போடல. வயசாகும்போது சில பேருக்கு இப்படி ஆகும்."

"எனக்கு என்ன வயசாயிடுச்சு?"

ஆபரேஷன் செய்யலாம், ஓட்டை மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஆனால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். முதலிலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பார்த்தால் பல மாதமாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். நல்ல கண் வேலையை எடுத்துக்கொண்டதால் உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது என்றார். நான் மண்டையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எதுவும் உள்ளே போகவில்லை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்குன்னு சரியா தெரியணும்னா ரெண்டு கண்ணும் வேணும். ஒரு கண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு இத்தனை மாசமா நீங்க கனத்தை இறக்கியிருக்கீங்க. கீழே யாருக்கும் எதுவும் ஆகலையா?"

"ஆகல," என்றேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இறங்கிவிட்டது. "இன்னியிலருந்து நீங்க அதுல ஏறக்கூடாது," என்றார்.

திரும்பும்போது மருந்து விட்ட கண்ணில் வெயில் ஊசியாகக் குத்தியது. பஸ்ஸில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். பல மாதம் என்றாரே, பல மாதம் என்றால் எத்தனை காயில்? ஒரு ஷிஃப்டில் எத்தனை தூக்கியிருப்பேன்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த மனுஷன், அண்ணாந்து, என்னை நம்பி நின்றிருக்கிறார். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. எனக்கே இவ்வளவு அதிர்ச்சி என்றால் அவர் கேட்டதும் என்ன ஆவாரோ, எப்படிச் சொல்வது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பலகை காணாமல் போனது, தூண் வளைந்தது, உங்க தங்கச்சிக்கு மூஞ்சி இல்லாமல் போனது, திரை, ஓட்டை, ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது.

அவர் துள்ளி எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. கையில் பூட்ஸ் கயிற்றோடு அப்படியே குனிந்தபடி இருந்தார்.

"கண்ணா?" என்றார். "அப்ப கண்ணுதானா?"

எனக்குப் புரியவில்லை. "கண்ணுதானான்னா?"

"நான் வேற என்னமோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எதை? என்னது வேற என்னமோ?"

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "கொஞ்ச நாளாவே நீ இறக்குறது சரியில்லம்மா. சில சமயம் தரை வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுற. சில சமயம் தரை வந்தது தெரியாம இறக்கிட்டே இருக்க. டமார்னு வந்து உக்காருது. மேலே உனக்குச் சத்தம் கேக்காது, மோட்டார் சத்தம். நான் முன்கூட்டியே கையைக் காட்டிக் காட்டி சமாளிச்சிட்டிருந்தேன். அசதின்னு நினைச்சேன். அப்புறம் வயசுன்னு நினைச்சேன்."

எனக்குக் காதுக்குள் ஙொய்யென்றது. நான் கட்டைக்கு நடுவில் வைத்ததெல்லாம் நான் வைத்தது இல்லை. இவர் கை வைத்தது. லேசர் அக்காவாம் லேசர் அக்கா.

"ஏன்யா சொல்லல?" என்றேன். கோபம் வந்தால் மரியாதை போய்விடும் எனக்கு.

"எப்படிச் சொல்றது? உன் கண்ணைப் பத்திப் பேசிட்டு எவன் உருப்பட்டிருக்கான்?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சொன்னா உன்னை இறக்கிடுவாங்க. அந்தக் கேபின்ல ஏறி உக்காந்ததும் உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைப் பிடுங்க மனசு வரல."

"யாருக்கும் எதுவும் ஆகலையான்னு டாக்டர் கேட்டாரு. ஆகலைன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் தன் இடது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போன மாதம் அந்தக் காலில் இரண்டு விரல் நகம் கறுத்து உதிர்ந்தது. கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது காலில் விழுந்துவிட்டது என்று சொன்னார். ஒரு சிலிண்டரைப் பிடிக்கத் துப்பில்லையா என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மருந்து போட்டது நான்தான்.

"சிலிண்டர்?" என்றேன்.

"சிலிண்டர் இல்ல."

"ஐயோ!"

"ஓரம்தான் பட்டுச்சு. பூட்ஸுக்குள்ள இரும்பு இருக்குல்ல, அதனால விரல் தப்பிச்சிருச்சு. நீ பாக்கலை. நான் உடனே அடுத்ததுக்குக் கையைக் காட்டிட்டேன்."

காலை நசுக்கிவிட்டு அடுத்ததைத் தூக்கப் போயிருக்கிறேன். மேலே உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்திருப்பேன், அதுதான் என் வழக்கம். அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"உன் கால் கிடக்கட்டும்யா! கிடங்குல மத்தவங்க வேலை செய்யலையா? கொக்கி மாட்டுறவங்க, கட்டை போடுறவங்க, அவங்களுக்கெல்லாம் பொண்டாட்டி பிள்ளை இல்லையா? ஒருத்தன் தலையில நான் இறக்கியிருந்தா? தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னியே, நீ எல்லாம் ஒரு மனுஷனா?"

நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, சமையலுக்கு என்ன வாங்கி வரணும் என்று கேட்கிற குரலில் சொன்னார். "யாருகிட்டயும் சொல்லாதே. உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டு ஆபரேஷனைப் பண்ணிக்கோ. பார்வை வந்ததும் மறுபடி ஏறு. கீழே நான் இருக்கேன்."

"வரலைன்னா?"

"அப்பவும் நான் இருக்கேன்ல."

கிண்டல் இல்லை, சவடால் இல்லை, அந்த மனுஷன் நிஜமாகவே சொல்கிறார். நான் ஏறினால் நாளைக்கே போய் நிற்பார். விரலில்லாமல் போனாலும் நிற்பார். தலை போகும் வரை நின்றுகொண்டே இருப்பார். இவரை நம்பி இனி ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது என்று போனை எடுத்தேன்.

"யாருக்குப் போடுற?" என்று எழுந்தார்.

"கிட்ட வந்தீங்கன்னா தெரியும் சேதி."

மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. குத்துமதிப்பாக அழுத்தியதில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்திவிட்டது. சூப்பர்வைசர் எடுத்தார்.

"சொல்லுங்க லேசர் அக்கா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"காய்ச்சல் இல்ல சார், பொய் சொன்னேன். எனக்கு வலது கண்ணு தெரியல. பல மாசமா தெரியலையாம், எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது. இனிமே என்னைக் கிரேன்ல ஏத்தாதீங்க."

சொல்லிவிட்டேன். இருபது வருஷம் அவ்வளவு சுருக்கமாக முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தப் பக்கம் "ஐயோ கடவுளே" என்று மெதுவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் பயந்த கேள்வி வந்தது.

"கீழே உங்க வீட்டுக்காரர்தானே நின்னாரு? அவருக்கு ஒண்ணும் தெரியலையா?"

அவரைப் பார்த்தேன். தெரியும் என்றால் அவர் வேலையும் போய்விடும். வேலையோடு நிற்காது, விசாரணை அது இது என்று இழுப்பார்கள். இவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, ஊரில் வேறு எவனுக்கும் கிடையாது.

"அவருக்கு எப்படி சார் தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"தெரியும் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

போனைக் கையால் பொத்தினேன். எட்டிப் பிடித்து என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் சொன்னார். "நாலு மாசமா தெரியும் சார். கண்ணுன்னு தெரியாது, ஆனா இறக்குறது சரியில்லைன்னு தெரியும். அவ மேல தப்பில்ல. நான்தான் சொல்லல."

பாவி மனுஷன், வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரே! சூப்பர்வைசர் நல்ல மாதிரி பேசுகிறவர்தான். அவர் குரல் உடைந்து கத்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சுமாய்யா? தெரிஞ்சுக்கிட்டே கொக்கிக்குப் பக்கத்துல அத்தனை பேரை நிக்க வெச்சிருந்தியா? நீ மனுஷன்தானா?"

நான் கேட்டதும் அதைத்தான். எனக்குச் சொல்லாத பதிலை அவர் சூப்பர்வைசருக்குச் சொன்னார்.

"யாரையும் நிக்க வெக்கல சார். எல்லாரையும் கேட்டுப் பாருங்க. காயில் கீழே வர்றதுக்குள்ள ஒவ்வொருத்தனையும் பாதுகாப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் துரத்திடுவேன். கட்டை போடுறது, கொக்கி கழட்டுறது எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன். நாலு மாசமா அவ இறக்குறப்போ பக்கத்துல நான் ஒருத்தன்தான் நின்னேன்."

"ஹலோ," என்றார் சூப்பர்வைசர். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். குனிந்து, அவர் பாதியில் விட்ட பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.